எதுவும் கூறவில்லை

கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய சார்ட்டை அவள் கையில் எடுத்தாள்.

எடு என்று யாரும் சொல்லவில்லை. எடுக்காதே என்றும் சொல்லவில்லை.

புது சார்ட். கடைசி நாட்களில் இருப்பவர்களை வைத்துப் பார்க்கும் அந்த இல்லத்தில், பதிவுகளைச் சீர்படுத்துகிறோம் என்று போன மாதம்தான் அச்சடித்தார்கள். நல்ல கனத்த தாள். 'வலி பற்றி நோயாளி கூறியது' என்று தனிக் கட்டமே இருந்தது.

முதல் நாள்: எதுவும் கூறவில்லை.

மறுநாள்: எதுவும் கூறவில்லை.

தாளைத் திருப்பினாள். அந்தப் பக்கமும் அதேதான். கையெழுத்து மட்டும் மாறியிருந்தது.

கட்டிலில் அவள் கணவன் காசிலிங்கம் முழங்காலை வயிற்றோடு மடக்கிக் கிடந்தான். தலையணை உறை அவன் கைக்குள் கசங்கியிருந்தது.

வாய்ப்புற்று. போன ஆடியில் நாக்கை எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் போகாதவன், எழுதிக் காட்டவும் தெரியாது.

எதுவும் கூறவில்லையாம்.

பொய் எழுதியிருந்தால் சண்டையாவது போடலாம். அத்தனையும் உண்மை. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலையில் டாக்டர் வந்தபோதும் இந்தத் தாளைத்தான் பார்த்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வலி இல்லை, பழைய மருந்தே போதும் என்றார். ராத்திரியெல்லாம் துடிக்கிறார் என்று அவள் சொன்னாள். கூட இருப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

சாயங்கால டியூட்டி சிஸ்டர் வந்தாள்.

கால்மாட்டில் நின்றபடியே, வலி இருக்கிறதா என்று கேட்டாள். அவன் பக்கம் திரும்பாமல், பேனா பிடித்த கையைச் சார்ட்டுக்காக நீட்டினாள்.

மனைவி சார்ட்டைக் கொடுக்கவில்லை. நீட்டிய கையைப் பிடித்து இழுத்து, அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"எவ்வளவு வலிக்குதோ அவ்வளவும் இந்தக் கையில சொல்லுங்க."

காலமெல்லாம் பரோட்டா மாவு பிசைந்த கை. உடம்பு கரைந்துவிட்டது. கை இன்னும் அவனுடையதாகவே இருந்தது.

அவன் பிடித்தான்.

சிஸ்டர் முதலில் சிரித்தாள்.

பிறகு அவள் தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முட்டி கட்டில் சட்டத்தில் இடித்தது. பேனா விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது. விடச் சொல்லுங்கள், விடச் சொல்லுங்கள் என்றாள்.

அவன் விடவில்லை. கண்ணிலிருந்து வழிந்தது. துடைக்கவும் இல்லை.

மனைவி சார்ட்டை மெத்தைமேல் விரித்தாள். அந்தக் கட்டத்தில் விரலை வைத்தாள்.

"இப்ப எழுதுங்க சிஸ்டர்."

சிஸ்டரின் எழுதுகிற கை அவனிடம்தான் இருந்தது.