பெருநாள் வெள்ளை

பேகம்பூர்ச் சந்தில் காலை வெயில் ஏறுகிறது. பெருநாள் நெருங்குகிறதென்று நஜ்முன்னிசா நோன்போடு முக்காலியில் நின்று, குடியிருக்கும் வாடகை வீட்டுக்குத் தன் கையாலேயே வெள்ளையடிக்கிறாள். நீலம் கலந்த சுண்ணாம்பு நார் மட்டையிலிருந்து முழங்கை வழியே வடிகிறது. அடித்த பாதிச் சுவர் கண்ணைக் கூசவைக்கிறது. மீதிப் பாதியில் அடுப்புப் புகையின் கறுப்பு. வாசலில் செருப்புச் சத்தம். வீட்டுச் சொந்தக்காரர் கிதர் முகம்மதுவோடு கண்ணாடி போட்ட ஒருவர் உள்ளே வருகிறார். அவள் முக்காட்டை இழுத்துவிடுகிறாள். சேலையிலும் சுண்ணாம்பு ஒட்டிக்கொள்கிறது. "யாரு மாமு இவுக?" "புது மில்லுக்கு வந்த ஆபீசரும்மா. வீடு பாக்க வந்திருக்காக. தெருவுக்குக் கரண்டு வந்ததும் வாடகை எங்கயோ போயிருச்சு. அம்புட்டுக் குடுக்க முடியலைன்னு ஒம் மாப்பிள்ளதான காலி பண்றேன்னாரு. ஒங்கிட்டச் சொல்லலியா?" புருஷன் அவளிடம் மூச்சுவிடவில்லை. அவள் வாய் திறப்பதற்குள் வந்தவர் சுவரில் விரலை வைத்துப் பார்க்கிறார். "வெள்ளைகூட அடிச்சாச்சே! பெருநாள் கழிஞ்சதும் வந்துர்றோம்." கிதர் முகம்மது தரையைப் பார்த்தபடி அவரை வெளியே கூட்டிப் போகிறார். செருப்புச் சத்தம் சந்தின் முனையில் தேய்கிறது. நஜ்முன்னிசா சுவரைப் பார்க்கிறாள். பாதியில் விட்டால் திட்டுத் திட்டாகத் தெரியும். அவள் கை தானாக மட்டையைச் சுண்ணாம்பில் தோய்க்கிறது.