இரவல் துப்பாக்கி

"ஏய் டெலனி, பரிசு குடுத்தவர் வந்துட்டாருடீ, இரவல் கேக்க!"

சன்னலோரம் நின்றிருந்த கார்லி சிரித்தாள். டெலனி போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை, காலை எட்டு மணி. விடுதிக்கு எதிரே சேறு அப்பிய பிக்கப் வண்டி. தொடர்ந்து நான்காவது வாரம்.

"இதுவரைக்கும் ஒரு முயலாவது அடிச்சாரா உங்கப்பா?"

"ஒண்ணும் சிக்கலையாம்."

"அப்போ மொன்டானாவிலேயே மானுங்களுக்குப் பிடிச்ச வேட்டைக்காரர் அவர்தான்."

டெலனிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்டில், அவள் கல்லூரிக்குப் புறப்படுவதற்கு முந்தைய ஞாயிறன்று, அக்கம்பக்கத்தாரை எல்லாம் விருந்துக்கு அழைத்து, அவர்கள் முன்னிலையில் ராய்ஸ் தம் மகளுக்குப் பழைய வின்செஸ்டர் துப்பாக்கியைப் பரிசளித்தார். மூன்று தலைமுறையாகக் குடும்பத்தில் இருப்பது அது. பில்லிங்ஸ் நகரத்து வியாபாரி இருமுறை வீடு தேடி வந்து கேட்டும் அவர் அதை விற்கவில்லை. அவளோ, பன்னிரண்டு வயதில் ஒரே ஒரு மானைச் சுட்டுவிட்டு, வீடு வந்து சேரும்வரை அழுதவள். அவள் கேட்டிருந்தது ஒரு மடிக்கணினி.

விடுதி அறையில் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. வேட்டைக்குப் போகும் மற்ற மாணவர்களைப் போலவே அவளும் அதை வளாகக் காவல் நிலையத்தின் இரும்பு அலமாரியில் ஒப்படைத்திருந்தாள். உரியவர் நேரில் வந்து கையெழுத்திட்டால்தான் அதை வெளியே எடுக்க முடியும். திரும்ப வைக்கவும் அப்படியே. ஆகவே வேட்டைக்காலம் தொடங்கியது முதல், சனிக்கிழமை காலையில் ஒரு கையெழுத்து, ஞாயிறு மாலையில் ஒரு கையெழுத்து.

அவள் கீழே இறங்கி வந்தபோது ராய்ஸ் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். அவருடைய சட்டைக் காலரில் இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது.

"தூக்கத்தைக் கெடுத்துட்டேனா, கண்ணு?"

"வாராவாரம் கேக்குறீங்க. வாராவாரம் கெடுக்குறீங்க."

"ஒரு கையெழுத்துத்தானேம்மா. அப்படியே அந்த மூலைக்கடையில ஒரு பான்கேக் சாப்பிட்டா..."

"கையெழுத்துக்கு அஞ்சு நிமிஷம். பான்கேக்குக்கு ஒன்றரை மணி நேரம். திங்கக்கிழமை எனக்குக் கெமிஸ்ட்ரி பரீட்சை."

"பான்கேக் வேண்டாம். காப்பி மட்டும் குடிக்கலாம்."

"அப்பா, சும்மா சும்மா வந்து நிக்காதீங்கன்னு சேர்ந்த அன்னிக்கே சொன்னேனா இல்லையா?"

"சும்மா எங்கே வந்தேன்? துப்பாக்கிக்குத்தானே வந்தேன்."

"வீட்டுல நாலு துப்பாக்கி தூங்குதே. அதுல ஒண்ணை எடுத்துட்டுப் போகக் கூடாதா?"

"இது மாதிரி வராது. கைக்குப் பழகிப்போச்சு."

"அவ்வளவு ஆசை இருந்தா எனக்கு எதுக்குக் குடுத்தீங்க? ஊரைக் கூட்டி, கேக் வெட்டி, போட்டோ எடுத்து! எங்க ரூம்ல என்ன சொல்றாங்க தெரியுமா? உங்கப்பா தனக்குத்தானே பரிசு குடுத்துக்கிட்டாருன்னு."

ராய்ஸ் தொப்பியைக் கழற்றினார், தலையைத் தடவிக்கொண்டார், மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"அவங்க சொல்றதுலயும் தப்பில்லை."

"அம்மா இருந்திருந்தா, இந்தக் கூத்துக்கெல்லாம் விட்டிருக்க மாட்டாங்க."

வண்டியின் கைப்பிடியிலிருந்த அவருடைய கை அசையவில்லை. அந்த வீட்டில் அம்மா இல்லாமல் போய் ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது.

"ஆமா," என்றார். "விட்டிருக்க மாட்டா."

சொல்லியிருக்க வேண்டாம் என்று டெலனிக்குத் தோன்றியது. ஆனால் மேலே சன்னலில் கார்லியோடு இன்னும் இரண்டு தலைகள் தெரிந்தன.

"இதுக்கு ஒரு முடிவு கட்டிடலாம்ப்பா. நான் இல்லாமலே நீங்க எடுத்துக்கலாம்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடறேன். நீங்க பாட்டுக்கு வாங்க, நீங்க பாட்டுக்குப் போங்க. என்னை எழுப்ப வேண்டாம்."

"அதெல்லாம் ஒத்துக்க மாட்டாங்கம்மா."

"கேட்டுப் பார்க்கிறேன்."

"எதுக்கும்மா வீண் அலைச்சல்..." என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி, நீ படி. இன்னிக்கு வேட்டை வேண்டாம். மழை வரும்போல இருக்கு."

வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. மூன்று மணி நேரம் ஓட்டி வந்த வண்டி வந்த வழியே திரும்பிப் போயிற்று.

டெலனி நேரே காவல் நிலையத்துக்கு நடந்தாள். கோபம் ஆறுவதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்றிருந்தது அவளுக்கு.

கவுன்ட்டரில் டார்லா இருந்தார். நரைத்த முடியும் காவலர் சீருடையுமாக இருக்கும், நன்றாகச் சிரிக்கும் அம்மாள்.

"என்ன, இன்னிக்குத் தனியா வந்திருக்கே? அப்பா எங்கே?"

"போயிட்டாரு. ஒரு சந்தேகம் கேக்கணும். நான் இல்லாம அவரே துப்பாக்கியை எடுக்க வழி இருக்கா?"

"தாராளமா. உன் துப்பாக்கிக்கான அட்டையில ரெண்டாவது ஆள்னு ஒரு வரி இருக்கு. அவர் பேரை எழுதி, கீழே நீ கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

அவ்வளவுதானா! ஒரு மாதத் தூக்கம் வீணாகப் போயிற்றே என்று நொந்தபடி, டெலனி அப்பாவின் பெயரை எழுதினாள், கையெழுத்திட்டாள், அட்டையை நகர்த்தினாள். டார்லா அதில் முத்திரை குத்தினார்.

"ஒருவழியா ஒத்துக்கிட்டாரா மனுஷன்? முதல் நாளே நான் எழுதப் போனேன். நீ கையெழுத்தைப் போட்டுட்டு வெளியே போயிட்டே. அவர்தான் வேண்டவே வேண்டாம்னு என் பேனாவைப் பிடிச்சுக்கிட்டாரு."

"எதுக்கு?"

அட்டையைப் பெட்டியில் செருகிக்கொண்டே டார்லா சொன்னார்:

"'அதை எழுதிட்டா, அப்புறம் எதைச் சொல்லிக்கிட்டு நான் அவளைப் பார்க்க வர்றது'ன்னாரு."