விட்டுப்போன ஓர் அடி

1971இல் ஷெஃபீல்டில் நான்கு பேர் சேர்ந்து பதிவுசெய்த தங்கள் முதல் ராக் இசைத்தட்டில், மூன்றாம் பாட்டின் நடுவே டிரம்ஸில் ஓர் அடி விட்டுப்போகும். வாசித்த ராட்னியின் கையிலிருந்து குச்சி நழுவிவிட்டது. திரும்ப வாசிக்க ஸ்டூடியோவில் நேரமில்லை. அன்று மாலை ஐந்து மணிக்கு, வீடு திரும்பும் வழியில் வேன் கவிழ்ந்து அவன் இறந்தான்.

பிறகு வந்த இசைக்குழுக்கள் அந்தத் தவறை வேண்டுமென்றே வாசித்தன. ராட்னியின் மனைவி மாரீன் அதைக் கடைகளிலும் பேருந்துகளிலும் கேட்டபடியே கிழவியானாள்.

ஒரு மழைநாள் மதியம் கேரத் என்ற டிரம்ஸ்காரன் அவளைப் பார்க்க வந்தான். இசைத்தட்டைப் போட்டுவிட்டு, "நாங்க எல்லாரும் இதக் கேட்டுத்தான் கத்துக்கிட்டோம், மிஸஸ் பாஸ்க்," என்றான். "ஆனா அந்த எடத்துல அவர் ஏன் அப்படிச் சொல்றார்னுதான் புரியல."

"அங்க ஒன்னும் இல்லப்பா. குச்சி விழுந்துடுச்சு, அவ்வளவுதான்."

"இல்லையே. 'மாரீன், கோவிச்சது போதும், கதவத் தொற'ங்கிறார். எங்க குழுவுல எல்லாருக்கும் கேக்குது."

பதிவு நடந்த நாள் காலையில் மாரீனுக்கும் ராட்னிக்கும் சண்டை. மாலை ஆறரைக்குப் பின்கதவு தட்டப்பட்டபோது, கிடக்கட்டும் என்று அவள் திறக்கவில்லை. எட்டு மணிக்குச் சாவுச் செய்தியோடு போலீஸ்காரர்கள் முன்கதவுக்கு வந்தார்கள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்தாள். வெளியே மழையைத் தவிர எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

கேரத் அதே இடத்தில் ஊசியை மறுபடி வைத்தான். "இப்ப ஒன்னும் கேக்கலையே," என்றான்.

மாரீன் கதவைச் சாத்தித் தாழிட்டாள். தேநீருக்கு மூன்று கோப்பைகளை எடுத்து வைத்தாள்.