விரிந்த சிறகு

விடிந்ததிலிருந்து முழங்கால் சேற்றில் நின்றும், கோரைக்குள் குஞ்சுகளோடு உறங்கிய புள்ளிமூக்கு வாத்தை பல்கீஸால் தெளிவாகப் படம்பிடிக்க முடியவில்லை. காற்று கோரையை அசைத்துக்கொண்டே இருந்தது. தன் கேமராவோடு அவளுடன் படமெடுக்க வந்திருந்த தனபாலன் பொறுமையிழந்து கல்லெடுத்தார்.

"எறியாதீங்க சார்."

"பறந்தாத்தாம்மா படம்."

கல் விழுந்தது. தாய் தண்ணீரைச் சிதறடித்து எழும்பிப் பறக்க, குஞ்சுகள் திசைக்கொன்றாக ஓடின. பல்கீஸின் விரல் தானாக அழுத்திவிட்டது. கேமராத் திரையில் விரிந்த சிறகும் ஒவ்வொரு துளியும் துல்லியமாக இருந்தன. இத்தனை வருடத்தில் இப்படியொரு படம் அவளுக்கு அமைந்ததே இல்லை.

"நல்லா வந்திருக்கா?"

"இல்ல சார், ஷேக் ஆயிடுச்சு."

படத்தை அழிக்கும் பொத்தான்மேல் விரலை வைத்தாள். அழுத்த மனம் வரவில்லை. கோரைக்குள் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. தாய் இன்னும் திரும்பவில்லை.