டிவி கேட்ட மாப்பிள்ளை

"எனக்கு வேற எதுவும் வேணாங்க மாமா. டிவி மட்டும் குடுத்துடுங்க" என்றான் பெண் பார்க்க வந்த சுபாஷ்.

பெண்ணின் அப்பா தெய்வசிகாமணிக்கு வாயிலிருந்த கேசரி கசந்தது. வரதட்சணைப் பேச்சே கிடையாது என்று சத்தியம் செய்துதான் தரகர் மாப்பிள்ளை வீட்டாரை உளுந்தூர்பேட்டையிலிருந்து மணலூர்பேட்டைக்கு அழைத்து வந்திருந்தார். பையன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், தங்கமான குணம் என்றார்.

மகள் ராதிகா காபித் தட்டை வைத்துவிட்டு அப்போதுதான் உள்ளே போயிருந்தாள். அதற்குள் கை நீட்டிவிட்டான்.

"எத்தினி இஞ்ச்சு வேணும் தம்பி?" தெய்வசிகாமணி தன் வெறுப்பை மறைக்கவில்லை. "அறுவத்தஞ்சா, எழுவத்தஞ்சா? சொவுரு பூரா ரொப்பிடலாமா?"

"அவ்ளோ பெருசுலாம் ஆவாதுங்க. இருவத்தொண்ணு போதும். உங்க மாட்டுக்கொட்டாயில கெடக்குதே, அந்தப் பழைய பெட்டி டிவி, அதான் வேணும்."

"டேய், சும்மா இருடா" என்று அவன் தொடையைக் கிள்ளினாள் அவன் தாய் காசியம்மாள்.

"அத்த வெச்சிக்கினு இன்னா பண்ணுவ?" என்றார் தெய்வசிகாமணி.

"கேம் ஆடத்தாங்க." அவன் முகம் மலர்ந்தது. "சின்ன வயசுல ஆடுன வீடியோ கேம இன்னும் வெச்சிருக்கேன். புது டிவில போட்டா படம் சப்பையா இழுத்துக்குது. பட்டன அழுத்துனா பொம்ம லேட்டாதான் குதிக்குது. துப்பாக்கிய வெச்சி சுடற கேம் சுத்தமா வேலையே செய்யல. அதுக்கெல்லாம் பழைய டிவிதாங்க சரி."

முப்பது வயது ஆள். இவனிடம்தான் பிள்ளைகள் கணக்குப் படிக்கிறார்கள். பேராசைக்காரன் என்று நினைத்திருந்தார். அதுவே தேவலை என்று தோன்றியது.

"ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன் மாமா" என்று யாரும் சொல்லாமலே எழுந்து பின்பக்கம் நடந்தான். வேறு வழியில்லாமல் எல்லோரும் பின்னால் போனார்கள்.

டிவியின் தலையில் கோழி படுத்திருந்தது. அதைத் தூக்கிக் கீழே விட்டான். பெட்டி முழுக்கக் கோழி எச்சம் காய்ந்து கிடக்க, எலி மூத்திர நாற்றம் மூக்கைத் துளைத்தது. அவன் குந்தி உட்கார்ந்து, குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் அணைத்து அதைத் திருப்பினான்.

பின்பக்க இடுக்குகளிலிருந்து கரப்பான் பூச்சிகள் கொட்டின. ஒன்று அவன் சட்டைக் கைக்குள் புகுந்தது. உதறிவிட்டுப் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தான். உடைந்த பல்லி முட்டை விரலில் ஒட்டியதை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டான்.

"ஒயரு சொருகுற ஓட்ட மூணும் நல்லா இருக்கு மாமா. கண்ணாடில ஒரு கீறல்கூட இல்ல." கைக்குட்டையால் கண்ணாடியை அழுந்தத் துடைத்தான். பிறகு அதே கைக்குட்டையால் நெற்றி வியர்வையையும் துடைத்தான்.

தெய்வசிகாமணியின் மனைவி பச்சையம்மாள் குமட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். தரகர் ஓசைப்படாமல் தெருவுக்குப் போய்விட்டார்.

தெய்வசிகாமணி அந்தக் கைகளையே பார்த்தார். இந்தக் கையிலா பெண்ணைப் பிடித்துக் கொடுப்பது?

"கையக் கழுவிக்கினு கெளம்புங்க தம்பி. இந்த சம்மந்தம் நமக்கு ஒத்து வராது."

"சரிங்க மாமா" என்றான் அவன். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. சின்ன வருத்தம்கூட அந்த முகத்தில் தெரியாதது அவருக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

"மன்னிச்சிக்கங்கண்ணா. இவன் இப்படிப்பட்ட புள்ளையே இல்ல" என்று காசியம்மாள் குனிந்த தலை நிமிராமல் காரில் ஏறினாள்.

கார் போனதும் தெய்வசிகாமணி வாய் கொப்பளித்துத் துப்பினார். "வாத்தியாராம். கோழிப் பீயத் தொட்டுட்டு சிரிக்கிறான். நல்ல வேள, தப்பிச்சோம்."

பச்சையம்மாள் அவன் உட்கார்ந்த நாற்காலியை வெளியே போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். ராதிகா கொட்டாய்ப் பக்கம் போனாள். அவள் போன் அடித்தது. சுபாஷ்தான்.

போன வாரம் அவளேதான் அவன் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டிருந்தாள். தனக்கு இப்போது கல்யாணத்தில் இஷ்டமில்லை; பெண் பார்க்க வந்து, பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுங்கள் என்று கேட்டாள்.

"நான் வேணாம்னு சொன்னா, பொண்ணுகிட்ட இன்னா கொறையோன்னு ஊரு உங்களத்தான் பேசும்ங்க" என்றான் அவன். "உங்கப்பாவே என்னத் தொரத்துற மாதிரி பண்ணிடறேன்." பேச்சுவாக்கில் அவன் விளையாட்டுப் பைத்தியம் தெரியவந்து, கொட்டாயில் ஒரு டிவி கிடப்பதை அவளே சொன்னாள். காரியம் முடிந்ததும் அதைக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு.

"உங்கப்பா சமாதானம் ஆயிட்டாருங்களா?" என்றான் சுபாஷ் இப்போது. பின்னால் காசியம்மாள் அழுதுகொண்டே திட்டுவது கேட்டது.

"உங்கம்மா அழுவறாங்களா?"

"அழுதா சரியாப் பூடும்ங்க. நான் பாத்துக்கறேன். டிவிய எடுக்க எப்ப வண்டி அனுப்பட்டும்?"

ராதிகா குனிந்து டிவியைப் பார்த்தாள். அவ்வளவு அழுக்குக்கு நடுவே, அவன் துடைத்துவிட்டுப் போன கண்ணாடி மட்டும் பளிச்சென்று இருந்தது.

"ஹலோ, லைன்ல இருக்கிங்களா?"

"இருக்கேன். டிவிய மட்டும் தனியா குடுக்கறதா இல்லீங்க."