ஞாயிற்றுக்கிழமை பாலிஷ்

கோபிநாத் மறுபடியும் காருக்கு முன்னால் முட்டி போட்டிருந்தான். நல்ல வெயிலில் கையில் டார்ச், வாயில் வசவு.

"பாருங்க சார்! போன வாரம் கண்ணாடி மாதிரி வுட்டேன். நேத்து காலையில வேலைக்குப் போறப்பகூட நல்லாத்தான் இருந்திச்சி. இப்ப பாருங்க, வட்டம் வட்டமா கோடு!"

எதிர்வீட்டு ஜானகிராமன் எட்டிப் பார்த்தார். கறுப்பு பானட்டில் அவருடைய வழுக்கைத் தலைதான் தெரிந்தது. கோடு ஒன்றும் தெரியவில்லை. "ஆமாமா" என்று சொல்லி வைத்தார்.

வாரத்தில் ஆறு நாள் ஒழுங்காகக் கம்பெனிக்குப் போகிறவனுக்கு ஏழாவது நாள் மட்டும் எப்படித்தான் பைத்தியம் பிடிக்கிறதோ! மூலக்குளத்தில் யார் வீட்டில் கார் இல்லை? ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய துணி, வேலை முடிந்தது. இவனுக்கு இரண்டு வாளி, ஷாம்பு, கோட்டை அழிக்க ஒரு பசை, பளபளக்க ஒரு பசை, கடைசியில் மெழுகு. போதாததற்கு 'கிர்ர்' என்று மண்டையைக் குடையும் ஒரு மெஷின். மூன்று கை மாறி வந்த ஓட்டைக் காருக்குக் கல்யாணப் பெண் அலங்காரம்.

"நீங்க ஸ்கூட்டர எதால சார் தொடைக்கிறீங்க?"

"கிழிஞ்ச பனியன்."

"ஐயோ, அது உப்புத்தாள் சார்! தூசியோட தேச்சா வண்டி என்னாத்துக்கு ஆவும்?"

ஜானகிராமனுக்குச் சுரீர் என்றது. முப்பது வருஷம் அரசாங்கத்தில் சூப்பிரண்டாக இருந்தவருக்குத் துடைக்கக் கற்றுக்கொடுக்கிறான்! இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை மதியமானால் இதே தெருவில் தூசியோடு தூசியாகப் புரண்டவன்தானே இவன். குடித்த காலத்திலாவது வாயை மூடிக்கொண்டு கிடந்தான்.

அந்த நேரம் பைக்கில் வந்த ஒருவன் காலை ஊன்றி நின்றான். "கோபி, வர்றியாடா? எல்லாரும் வந்துட்டாங்க."

"கையெல்லாம் பசைடா. நீ போ."

பைக் போய்விட்டது. பழைய சிநேகிதனுக்குக்கூட இவனிடம் நேரமில்லை என்று ஜானகிராமன் உள்ளுக்குள் காறித் துப்பினார்.

கோபிநாத்தின் மனைவி சரிதா டீ கொண்டுவந்தாள். ஒரு கையில் டம்ளர், இன்னொரு கையில் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார். பாவம், ஞாயிற்றுக்கிழமைகூட அந்தப் பெண்ணுக்கு அடுப்படியிலிருந்து விடுதலை இல்லை.

"யாரு கைய வெச்சதுன்னு தெரிஞ்சுது, அன்னிக்கி இருக்கு!" என்று கோபிநாத் கத்தினான். இஸ்திரி போடும் வேம்பு, தெருப் பிள்ளைகள், ஒரு பூனை என்று ஏற்கெனவே எல்லோரிடமும் சண்டை போட்டாகிவிட்டது.

"வுடுங்க. நீங்கதான் தேச்சா போயிடுதே" என்றாள் சரிதா.

"சாயங்காலம் வரைக்கும் தேய்க்கணும்டி!"

அவள் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள். ஜானகிராமனுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு கடற்கரை உண்டா, ஒரு சினிமா உண்டா? தகரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவனுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டாளே! இதற்கு இன்றைக்கே ஒரு முடிவு கட்டிவிடுவது என்று தீர்மானித்தார்.

"தவளக்குப்பத்துல எம் மச்சான் மவன் ராஜவேலு கடை வெச்சிருக்கான். செராமிக் கோட்டிங்னு ஒண்ணு போடறான். அதைப் போட்டுட்டா அஞ்சு வருஷத்துக்கு இந்தக் கோடு கீடு கெடையாது. சும்மா தண்ணி ஊத்துனா போதும்."

கோபிநாத்தின் கண் பளபளத்தது. "நெசமாவா சார்? வெள்ளிக்கெழம லீவு போட்டுட்டு வண்டிய வுட்டுடறேன்."

ஒரு குடும்பத்துக்கு விளக்கேற்றிவிட்ட பெருமையில் ஜானகிராமன் அன்று மதியம் இரண்டு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் காலை கோபிநாத் வேலைக்குக் கிளம்பிய கையோடு சரிதா அவர் வீட்டு வாசலில் நின்றாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து அவர் முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டார்.

"சார், அந்தக் கோட்டிங் வேணாம் சார். ஒங்க சொந்தக்காரர் கிட்ட எப்பிடியாவது சொல்லி, கருப்புக் காருக்கு அது ஒத்துக்காதுன்னு சொல்லச் சொல்லுங்க."

"செலவப் பாக்கிறியாம்மா? நான் சொன்னா கொறச்சிக்குவான்."

"செலவு இல்ல சார்."

"பின்னே? ஒனக்காகத்தானே இவ்வளவு பாடுபட்டேன்! கோடு இல்லன்னா அவன் ஏன் நாளெல்லாம் அதைக் கட்டிக்கிட்டு அழறான்? ஞாயித்துக்கெழம அவனுக்கு வேலையே இருக்காதே!"

"அதான் சார் பயம்."

ஜானகிராமனுக்கு எரிச்சலாக வந்தது. புருஷன்தான் பைத்தியம் என்றால் பெண்டாட்டியும் அப்படித்தான் போலிருக்கிறது. "என்னம்மா பயம்? பளிச்சுனு சொல்லு."

சரிதா தெருவை இருபுறமும் பார்த்தாள். முந்தானைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள். தேய்ந்துபோன பச்சை நார். அதன் ஓரமெல்லாம் கறுப்பு பெயிண்ட் அப்பியிருந்தது.

"சனிக்கெழம சனிக்கெழம அந்தக் கோட்டப் போடறதே நான்தான் சார்."