கோதுமை இல்லாத ஞாயிறு

சோயா சாஸ் பாட்டிலைச் சாய்க்கப் போன கடைசி நொடியில்தான் அம்பரீன் அதன் பின்பக்கத்தைப் படித்தாள்.

தண்ணீர், சோயா, உப்பு என்று ஓடிய பொடி எழுத்துகளுக்கு நடுவே அந்த வார்த்தையும் இருந்தது. கோதுமை.

கறுப்புத் தண்ணீர் மாதிரி இருக்கும் இதிலா? அவளுக்குத் திக்கென்றது. மூடியை இறுக்கித் திருகி, பாட்டிலை ஜன்னலுக்கு வெளியே மதில்மேல் வைத்தாள். வீட்டுக்குள் இருந்தாலே ஏதாவது ஆகிவிடும் என்பதுபோல.

முன்னறையில் அப்பா ஜியாவுதீன் நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாதமாக அதே நாற்காலி, அதே தெரு.

போன வருஷம் முழுக்க எது சாப்பிட்டாலும் அவருக்கு வயிற்றில் தங்கவில்லை. பதினாலு கிலோ இளைத்தார். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் குடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். அவர் உடம்புக்குக் கோதுமை ஆகாது. மைதா, ரவை, பிஸ்கெட், எதுவும் உயிர் உள்ளவரை கூடாது. அதுதான் மருந்து, வேறு மருந்து கிடையாது.

வயிறு சரியாகிவிட்டது. மனிதர்தான் சரியாகவில்லை. வேலையை விட்டார். பேச்சைக் குறைத்தார். சோறும் ரசமும் வைத்தால் சாப்பிடுவார். நல்லா இருக்கா என்று கேட்டால் "ம்" என்பார்.

இன்று அம்பரீன் வேலை பார்க்கும் ஷூ கம்பெனிக்கு லீவு. அம்மா ஆற்காட்டில் தன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். அரிசிச் சேவையை நூடுல்ஸ் மாதிரியே வறுக்கலாம் என்று தையல் லைனில் பக்கத்து மிஷின் ஹெலன் சொல்லியிருந்தாள். அம்பரீன் இதற்கென்றே புதுக் கடாய், புதுத் தோசைக்கல், புதுக் கரண்டி வாங்கி வைத்திருந்தாள். பழைய பாத்திரத்தில் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தால் போதும், அப்பா மறுபடி படுத்துவிடுவார்.

சாஸ் இல்லை. இல்லாவிட்டால் போகிறது. கெட்டியான புளிக்கரைசல், ஒரு துண்டு வெல்லம், ஊறவைத்து அரைத்த மிளகாய், நசுக்கிய பூண்டு. கலக்கி, விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். நாக்கு இன்னொரு தடவை கேட்டது.

மெல்லிசாக நறுக்கிய கோழியைச் சோளமாவில் புரட்டிப் பொரித்து எடுத்தாள். கோஸ், கேரட், குடைமிளகாய் எல்லாம் சரசரவென்று வதங்கின. பாதிக் காய்கறியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, வெந்நீரில் ஊறி வடிந்திருந்த சேவையில் பாதியை அள்ளிப் போட்டுக் கிளறினாள்.

நாலு கிளறுதான். சேவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு களி மாதிரி உருண்டது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"தீ கம்மியா இருக்கு."

திரும்பிப் பார்த்தாள். அப்பா அடுப்படி வாசலில் நின்றிருந்தார்.

"கடாயில போட்டா இப்படித்தான் கட்டிக்கும். கல்லை வை. தீயை ஜாஸ்தி பண்ணு."

அவள் கல்லை வைத்தாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பொறுக்கவில்லை.

"தள்ளும்மா."

லுங்கியை மடித்துக் கட்டினார். கையைக் கழுவி வந்து, கல்லுக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்துச் சூடு பார்த்தார். எண்ணெயைச் சுற்றி விட்டார். வதங்கிய காய்கறி, கோழி, மிச்சமிருந்த சேவை எல்லாவற்றையும் கல்லின்மேல் பரப்பி, அலமாரியிலிருந்து இரண்டு எவர்சில்வர் டம்ளர்களை எடுத்துக் கவிழ்த்துப் பிடித்தார்.

டக் டக டக் டக. டக் டக டக் டக.

சேவை துள்ளியது. ஒரு இழைகூட இன்னொன்றோடு ஒட்டவில்லை. புளிக்காரக் கலவையை ஊற்றியதும் ஸ்ஸென்று ஆவி எழுந்து முகத்தை மறைத்தது. அந்த ஆவிக்குள்ளேயும் கை நிற்கவில்லை.

கல்லைப் பார்ப்பதா, அப்பா முகத்தைப் பார்ப்பதா என்று அம்பரீனுக்குத் தெரியவில்லை.

அவர் கொஞ்சம் கிள்ளி, ஊதி, வாயில் போட்டார். மென்றார்.

"இன்னா ருசிம்மா இது!"

இன்னொரு வாய். நாக்கு சுட்டது. சுட்ட நாக்கோடு சிரித்தார். தட்டில் போடக்கூட விடாமல், நின்றபடியே கல்லிலிருந்து பாதியைத் தின்று தீர்த்தார். பிறகு, கேட்காமலே அடுத்த பாக்கெட் சேவையை எடுத்து வெந்நீரில் போட்டார்.

அது ஊறி, வடிந்து, கல்லுக்கு வந்து, டம்ளர்கள் மறுபடி தாளம் போட ஆரம்பித்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது.

எதிர்வீட்டு அப்துல் வஹாப். கையில் காலித் தட்டு. பின்னால் அவருடைய வீட்டுக்காரம்மா, இரண்டு பிள்ளைகள். அவர்களிடமும் தட்டு.

"போன தடவையே சத்தம் கேட்டுச்சு. இந்தத் தடவை தாங்கல," என்றார் வஹாப். "மாஸ்டர், எனக்கு ஒண்ணு போடுங்க."

அப்பாவின் கைகள் அப்படியே நின்றன.

இருபத்திரண்டு வருஷம் பள்ளிகொண்டா ஹைவே ஓட்டலில் பரோட்டா மாஸ்டர் அவர். தினமும் ஒரு மூட்டை மைதா பிசைந்த கை. தின்பது மட்டுமில்லை, பறக்கிற மாவு வாய்க்குள் போனாலும் ஆபத்து என்று டாக்டர் சொன்ன அன்று, அந்தக் கல்லும் போனது, அந்தப் பேரும் போனது. அதற்கப்புறம் தெருவில் எல்லோரும் அவரை ஜியா பாய் என்றே கூப்பிட்டார்கள். மனசு நோகக்கூடாதே என்று.

வஹாப் தட்டை இன்னும் நீட்டிக்கொண்டுதான் இருந்தார்.

அப்பா தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டம்ளர்களை இறுக்கிப் பிடித்தார்.

"முட்டை போட்டா, போடாமலா?"

வீட்டில் முட்டை இல்லை. அம்பரீன் செருப்புகூடப் போடாமல் கடைக்கு ஓடினாள்.